கார்டு போய் போன் வந்தால் கதவு பத்திரமா? கேள்வி பதில்

எங்கள் ஆபீஸில் 40 பேர். கார்டை எடுத்துவிட்டு போனிலேயே கதவைத் திறக்கலாம் என்கிறார் இன்ஸ்டாலர். அது கார்டைவிடப் பத்திரமா சார்?

இப்போது உங்களிடம் இருப்பது 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு என்றால், சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரீடருக்குப் பக்கத்தில் போனதும் அது தன் எண்ணை அப்படியே ஒப்பித்துவிடும். மலிவான காப்பி மெஷின் ஒன்று போதும், சில நொடியில் இன்னொரு கார்டு தயார். 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மைஃபேர் கிளாசிக் வகைக் கார்டும் தப்பவில்லை. அதன் கிரிப்டோ-1 என்ற மறையாக்க முறையை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஒழுங்காகச் செய்த போன் சாவியில், ரீடர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும், போன் புதிதாகப் பதில் சொல்லும். கார்டை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்கூடப் போனைக் கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் பலர் ரீடரை மட்டும் மாற்றிவிட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயரை மறந்துவிடுகிறார்கள். ரீடரிலிருந்து, கதவைத் திறக்கலாமா என்று முடிவு செய்யும் கன்ட்ரோலருக்குப் பச்சை, வெள்ளை ஒயர்களில் டேட்டா போனால் அது பெரும்பாலும் வீகாண்ட் என்ற பழைய முறை. வழக்கமான 26 பிட்டில் 8 பிட் இடத்துக்கான எண், 16 பிட் கார்டு எண், மீதி 2 பிட் சரிபார்ப்புக்கு. மறையாக்கமே கிடையாது, எல்லாமே திறந்த கடிதம். ரீடரைக் கழற்றி ஒயரில் சின்ன போர்டு ஒன்றைச் செருகினால், போன் அனுப்பிய எண்ணும் அதில் பதிவாகிவிடும். ஆகவே வீகாண்டுக்குப் பதிலாக வந்த ஓஎஸ்டிபி முறை ரீடர் கேளுங்கள். ஆர்எஸ்-485 என்ற ஒயர் இணைப்பு வழியாக, ஏஇஎஸ்-128 மறையாக்கத்தோடு பேசும். வாங்கினால் மட்டும் போதாது: 'செக்யூர் சேனல்' ஆன் ஆகியிருக்கிறதா, கம்பெனியிலிருந்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரும் மறையாக்கச் சாவியை மாற்றினார்களா என்று இன்ஸ்டாலரை நிற்கவைத்துக் கேளுங்கள்.

கதவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். போன் பையில் இருக்கும்போதே கதவு திறந்துகொள்கிறது!

புளூடூத் தூரத்தை அதிகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் கதவுக்கு, போனை ரீடரில் ஒட்டிக் காட்டும் என்எஃப்சி முறை வையுங்கள். அது சுமார் 4 சென்டிமீட்டரில்தான் வேலை செய்யும். தூரத்திலிருந்தே திறக்கும் புளூடூத் கார் பார்க்கிங் கேட்டுக்கு மட்டும் போதும். இன்னொரு ஆபத்தும் உண்டு: புளூடூத் சிக்னலை இடையில் இருவர் கடத்தி, தூரத்தில் இருக்கும் போனைப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்ட முடியும். என்சிசி குரூப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2022-ல் டெஸ்லா காரிலேயே இதைச் செய்து காட்டியது. சர்வர் ரூமுக்கு, போன் லாக் திறந்திருந்தால்தான் சாவி வேலை செய்யும் என்று வைத்துவிடுங்கள்.

சார்ஜ் தீர்ந்தால்?

ஐபோனின் வாலட் ஆப்பில், லாக் திறக்காமலே வேலை செய்யும் எக்ஸ்பிரஸ் முறையில் சேர்த்த சாவி, அதற்கேற்ற ஐபோன்களில் அணைந்த பிறகும் 5 மணி நேரம் வரை வேலை செய்யும். தனி ஆப் சாவி செய்யாது. வரவேற்பில் இரண்டு தற்காலிகக் கார்டு வையுங்கள்.

கரண்ட் போனால் கதவு?

மேக்னெட் லாக் என்றால், பேட்டரியும் தீர்ந்ததும் திறந்துகொள்ளும். 600 பவுண்டு விசையைத் தாங்கும் லாக் ஒன்று 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். கன்ட்ரோலர், ரீடருக்கு 0.3 ஆம்பியர் வைத்தால், 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி கணக்குப்படி 8 மணி நேரம் சொச்சம் தாங்க வேண்டும். மூன்று வருடப் பழைய பேட்டரியில் அதில் பாதிகூட வராமல் போகலாம். இதைவிட முக்கியம் உள்ளிருந்து வெளியேறும் பட்டன். அது கன்ட்ரோலருக்குத் தகவல் சொன்னால் போதாது, லாக்கின் கரண்டை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். ஃபயர் அலார ரிலேயும் அப்படியே. உயிர் விஷயம், இதில் சமரசம் கூடாது.

எங்கள் அபார்ட்மென்டில் வாட்ச்மேன் ரோந்துக்கு 12 இடத்தில் க்யூஆர் ஒட்டியிருக்கிறோம். ரிப்போர்ட் நூற்றுக்கு நூறு வருகிறது, ஆனால் மொட்டை மாடி விளக்கு எரியாததை யாரும் சொல்லவில்லையே அண்ணா?

பன்னிரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கேட்டிலேயே ஸ்கேன் செய்ய முடியும். பதிவு நேரங்களைப் பாருங்கள். மாடிக்கும் பேஸ்மென்டுக்கும் நடுவில் 20 நொடிதான் என்றால் யாரும் நடக்கவில்லை. என்எஃப்சி டேக்குக்கு மாறுங்கள். இரும்புக் கதவில் சாதாரண டேக் படிக்காது, இரும்பின் தடையைச் சமாளிக்கும் ஃபெரைட் அடுக்கு உள்ளதாக வாங்குங்கள். சாதாரண டேக்கையும் காப்பி எடுக்கலாம். ஒவ்வொரு தொடுதலுக்கும் குறியீடு மாறும் என்டேக் 424 டிஎன்ஏ வகையில் அது நடக்காது. பேஸ்மென்டில் சிக்னல் இருக்காது, ஆகவே ஆப் ஆஃப்லைனில் சேமிக்க வேண்டும். போன் கடிகாரத்தைக் கையால் மாற்ற முடியாதபடி பூட்டுங்கள்.

முதலில் ஒரு முறை நீங்களே அந்த ரவுண்டை நடந்து பாருங்கள். 12 இடத்துக்கு 25 நிமிடம் ஆகிறது என்றால், கேட்டில் ஒரே ஆளை வைத்துக்கொண்டு மணிக்கொரு ரோந்து கேட்பது அவருக்கு நியாயமில்லை.

கேமராவைப் போனில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொல்கிறார்கள்...

திறக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த, பாஸ்வேர்ட் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் பிடித்தது. விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாகப் பாருங்கள். மொபைல் டேட்டாவில், தரம் குறைந்த சப்-ஸ்ட்ரீம் வையுங்கள்: 2 எம்பிபிஎஸ் மெயின் ஸ்ட்ரீம் மணிக்கு 900 எம்பி தின்னும், 256 கேபிபிஎஸ் சப்-ஸ்ட்ரீம் 115 எம்பிதான்.