ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறோம். சமையலிலும் வீட்டு வேலைகளிலும் சிக்கனத்தை எங்கிருந்து தொடங்குவது?

சாயங்காலத்திலிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் நான்கு பேர், ஒருவர் சம்பளம், பட்டியல் போட்டுத்தான் வாங்குகிறோம், விலை பார்த்துத்தான் எடுக்கிறோம், அப்படியும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வாங்கும் நேரத்தில் நீங்கள் கவனமாகத்தான் இருக்கிறீர்கள். பணம் போவது வேறு நேரத்தில். நாள் முழுக்க உழைத்துக் களைத்து, பிள்ளைகள் பசி பசி என்று சுற்றி வர, என்ன சமைப்பது என்று எதுவும் தோன்றாமல் அடுப்படியில் நிற்கிறோமே, அந்த அரை மணி நேரத்தில்தான். வெளியிலிருந்து சாப்பாடு வரவழைப்பது அப்போதுதான். வாங்கி வைத்த கீரை இன்னும் ஒரு நாள் வாடுவதும் அப்போதுதான். எங்கள் வீட்டில் மற்ற எல்லா முயற்சியும் வந்து வந்து போயின. சாயங்காலத்துக்கு வேண்டியதைக் காலையிலேயே முடிவு செய்து வைக்கும் பழக்கம் வந்த பிறகுதான் சிக்கனம் நிலைத்தது.

வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம் இவற்றில் நாம் நினைத்ததும் கை வைக்க முடியாது. சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் தினமும் நம் கையில் இருக்கிறது. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்று எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857-லேயே குடும்பக் கணக்குகளை வைத்துக் காட்டினார். ஒரு சம்பளக் குடும்பத்துக்கு அடுப்படி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. இன்னொரு கணக்கும் உண்டு. 2022-ல் உலகம் முழுவதும் கடைகள், உணவகங்கள், வீடுகளில் வீணான உணவு ஏறக்குறைய 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. உணவகங்கள்தான் கொட்டுகின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பங்கு நம் குப்பைக்கூடையில் இருக்கிறது.

அதனால் மலிவாக வாங்குவதைவிட, வாங்கியதைத் தீர்ப்பதுதான் பெரிய சேமிப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாதி விலைக்கு வாங்கிப் பாதியை எறிந்தால் முழு விலைக்கு வாங்கியதாகத்தான் அர்த்தம்.

நடைமுறையில் இது எப்படி? என்ன சாப்பிடலாம் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். காலையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எது முதலில் கெடும் என்று கேளுங்கள். அதுதான் இன்றைய சமையல். கீரை, காளான், வெட்டி மீந்த காய், திறந்த பால் இவை முன்வரிசைக்கு வரவேண்டும். முட்டைக்கோஸ், கேரட், பூசணி எல்லாம் காத்திருக்கும். இதற்கென்றே எங்கள் வீட்டில் கண் மட்டத்தில் இருக்கும் தட்டை ஒதுக்கியிருக்கிறோம். சீக்கிரம் தீர வேண்டியது எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்னால் ஒளிந்திருக்கும் டப்பாதான் பூஞ்சை பிடிக்கும். கண்ணில் படுவதை யாராவது சாப்பிட்டுவிடுவார்கள்.

வாரம் முழுவதற்கும் பட்டியல் போட்டுச் சமைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். புதன்கிழமை ஒரு விருந்தாளி வந்தால் திட்டம் குலைந்துவிடும், குலைந்ததும் மொத்தமாக விட்டுவிடுவோம். நாளைக்கு என்ன என்பது மட்டும் இன்றிரவு தெரிந்தால் போதும்.

இன்றிரவு தெரிய வேண்டியதற்கு முக்கியக் காரணம் ஊறவைப்பது. சிக்கனச் சமையலின் முதுகெலும்பு பருப்பும் பயறும் கடலையும்தான். காய்ந்த கொண்டைக்கடலை ஒரு கிலோ வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். டப்பாவில் அடைத்து விற்கும் வெந்த கடலைக்கு நாம் கொடுக்கும் விலையில் தண்ணீருக்கும் தகரத்துக்கும் ஒரு பங்கு போகிறது. புரதம், நார்ச்சத்து, வயிறு நிறையும் தன்மை மூன்றும் ஒன்றாக இந்த விலைக்குக் கிடைப்பது வேறு எதிலும் அரிது. ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போடுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் சொல்வார்கள், உண்மை அதற்கு நேர்மாறு. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் இடத்தை உப்பிலுள்ள சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் மென்மையாகி, வெடிக்காமல் சீராக வேகும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் பயறு நன்றாக வெந்த பிறகு சேர்த்தால் எரிபொருள் மிச்சம். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும்தான், ஆனால் தயமின் என்ற வைட்டமின் பி1 அழிந்துபோகும். முன்னிரவே ஊறவைக்கும் வீட்டுக்கு அது தேவையில்லை.

ராஜ்மா வாங்குபவர்கள் இதை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வேகாத சிவப்பு ராஜ்மாவில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சில கொட்டைகளே போதும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்தால்தான் நச்சு அழியும். எரிபொருளை மிச்சப்படுத்துகிறேன் என்று மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருப்பது ஆபத்து. சூடு போதாமல் அரைகுறையாக வெந்தால் நச்சு இன்னும் கூடவும் செய்யும்.

மற்ற சமையலுக்கு எரிபொருள் விஷயம் எளிது. தண்ணீர் கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் சாதாரணப் பாத்திரத்தில் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஆவிதான் கூடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். சோறும் காயும் அதே நேரத்தில்தான் வேகும். பிரஷர் குக்கரில் அழுத்தத்தால் சூடு 120 டிகிரி வரை ஏறுகிறது, கடலை போன்றவற்றுக்கு நேரம் பெரிதும் குறைகிறது. அழுத்தம் தானாக இறங்கும் வரை உள்ளே சமையல் நடந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே கொஞ்சம் முன்னதாகவே அடுப்பை அணைத்துவிடலாம். கடலையை ஒரே தடவையில் இரண்டு மூன்று வேளைக்கு வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறையவைப்பது எங்கள் வழக்கம். களைத்து வரும் நாளில் வெந்த கடலை கையில் இருந்தால், வெங்காயம் வதக்கும் நேரத்தில் சாப்பாடு தயார்.

மீந்த உணவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சிக்கனம் என்ற பெயரில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறோம். சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகும், வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு அழியாது. மணம் மாறியிருக்காது, நிறம் மாறியிருக்காது, அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. மீந்ததை அகலமான பாத்திரத்தில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிடுங்கள். பெட்டியின் உள்சூடு 4 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள். மொத்தத்தையும் எடுத்துச் சூடாக்கி, மீதியை மறுபடி உள்ளே வைக்கும் பழக்கம் வேண்டாம்.

மீந்ததை அப்படியே பரிமாறினால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், அது நியாயம்தான். நேற்றைய வேகவைத்த காயை மசித்து சூப்பாக்கலாம், உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டிப் பொரிக்கலாம், முட்டையில் கலந்து தோசைக்கல்லில் ஊற்றலாம். வடிவம் மாறினால் அது புது உணவு. காய்ந்துபோன ரொட்டியைத் துருவி வைத்தால் வறுவலுக்கு மேல்பூச்சாகும். கொத்தமல்லித் தண்டு, முட்டைக்கோஸ் நடுத்தண்டு, கேரட் தோல் இவற்றைக் கழுவி ஒரு பையில் உறையவைத்துச் சேர்த்தால், பை நிறைந்ததும் நல்ல காய்ச்சாறு கிடைக்கும். அழுகியதையும் பூஞ்சை பிடித்ததையும் அதில் போட வேண்டாம்.

பத்திரப்படுத்துவதில் சின்னச் சின்ன விஷயங்கள் பணம். உருளைக்கிழங்கை இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் பச்சையாகும், பச்சைப் பகுதியோடு சோலனைன் என்ற கசப்பு நச்சும் கூடும். வெங்காயத்தை அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், காற்றோட்டமாகத் தனியே இருக்கட்டும். ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடும், பக்கத்தில் இருக்கும் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். கீரையை ஈரம் போகத் துடைத்து உலர்ந்த துணியில் சுற்றி வைத்தால் கூடுதல் நாள் தாங்கும். ரொட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் கெட்டிப்பட்டுவிடும். இரண்டு நாளில் தீராது என்றால் உறையவைத்துவிடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவல்ல. மலிவாகவே இருந்தாலும், தீருவதற்குள் வண்டு விழும் என்றால் சின்னதே லாபம். பொட்டலத்தில் தேதி போட்டிருப்பதிலும் வித்தியாசம் உண்டு. இந்தத் தேதிக்கு முன் சிறந்தது என்றால் தரம் பற்றியது, அதற்குப் பிறகும் பிஸ்கட், மாக்கரோனி எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும் என்று இறைச்சியிலோ மீனிலோ போட்டிருந்தால் அதை மீறாதீர்கள்.

துணி துவைப்பது, விளக்கு, குழாய் இவற்றில் ஒரு முறை பழக்கத்தை மாற்றினால் போதும், தினமும் யோசிக்க வேண்டியதில்லை. வெந்நீரில் துவைக்கும் இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. சாதாரண அழுக்குக்குக் குளிர்ந்த தண்ணீர் போதும். தூள் அதிகம் போட்டால் அதிகம் வெளுக்காது, துணியில் ஒட்டிக்கொள்ளும். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். சொட்டும் குழாய்க்கு ஒரு வாஷர் போதும்.

இனி எனக்கு மிக முக்கியமானது. சிக்கனம் ஒரே ஒருவர் தட்டில் விழக்கூடாது. பல வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சம் இருப்பதைச் சமைத்தவர் சாப்பிடுகிறார். பழையது அவருக்கு, முட்டை குறைந்தால் அவருக்கு இல்லை. கணக்கேட்டில் இது மிச்சமாகத் தெரியும், அவர் உடம்பில் சோகையாக வந்து நிற்கும். மீந்ததைச் சாப்பிடுவதென்றால் நால்வரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முதலில் நால்வர் தட்டிலும் பிரித்து வைத்துவிட்டுப் பிறகு உட்காருங்கள்.

வேலையும் அப்படித்தான். ஊறவைப்பது, ஆறவைத்து எடுத்து வைப்பது, பெட்டியில் கண் மட்டத் தட்டைப் பார்ப்பது, எல்லாம் ஒரே ஆளின் தலையில் என்றால் அவர் களைத்த நாளில் முழு ஏற்பாடும் நின்றுவிடும். படிக்கத் தெரிந்த பிள்ளை டப்பாவில் தேதி எழுதி ஒட்டலாம். இரவில் கடலையை அளந்து தண்ணீரில் போட எந்தக் கணவருக்கும் பயிற்சி வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையதல்ல, நான் நினைவுபடுத்துவதும் இல்லை.

செலவை எழுதி வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதோடு, தூக்கி எறிந்ததையும் ஒரு மாதம் எழுதுங்கள். என்ன, எவ்வளவு, ஏன் என்று மூன்றே சொல் போதும். திரும்பத் திரும்ப ஒரே பொருள் வந்தால் அதை அளவு குறைத்து வாங்குங்கள், அல்லது வாங்காதீர்கள்.

குறைக்கக்கூடாத இடங்களும் உண்டு. வளரும் பிள்ளைகளின் புரதம், மருந்து, கேஸ் குழாய், தேய்ந்த மின்கம்பி இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் மிச்சமாகும் தொகையை உண்டியலில் போடாமல் சமையலறைக்கே செலவிடுங்கள்: இறுக்கமாக மூடும் சில டப்பாக்கள், குக்கருக்குப் புது ரப்பர் வளையம், குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் அதுவும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.