ஆயிரக்கணக்குல போட்டோ சேர்ந்துபோச்சு, ஃபைல் பேர் எப்படி வைக்கிறீங்க?

சூடு பட்டுத்தாங்க கத்துக்கிட்டேன். பழைய கேமராவுல நம்பர் 9999 வரைக்கும் போய்ட்டு திரும்ப 0001ல ஆரம்பிச்சிருக்கு, அது எனக்குத் தெரியல, ரெண்டு ஃபோல்டரையும் ஒண்ணா கொட்டுறப்ப ரீப்ளேஸ் பண்ணவான்னு கேட்டுச்சு, நானும் யோசிக்காம ஓகே குடுத்துட்டேன். தங்கச்சி வளைகாப்பு போட்டோ பாதி போச்சு, அந்த இடத்துல ஊட்டி டூர் போட்டோ உக்காந்திருக்கு.

அதுலருந்து பேருக்கு முன்னாடி தேதிதான். வருஷம், மாசம், நாள் அப்படிங்கற வரிசைல, 2019-08-25 மாதிரி. நம்ம பழக்கத்துக்கு நாளை முதல்ல போட்டா எல்லா மாசத்து 25ம் ஒண்ணா வந்து நிக்கும். அப்புறம் மணி, நிமிஷம், செகண்டு, கடைசில விசேஷத்தோட பேர். விசேஷத்தை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறதா இருந்தா ஒரே ஸ்பெல்லிங்ல நில்லுங்க, வளைகாப்புக்கு ஒரு நாள் கே ஒரு நாள் ஜி போட்டுட்டு செர்ச் பண்ணா வரலைன்னு ராத்திரி முழுக்க தேடிருக்கேன்.

இதெல்லாம் கையால அடிக்க வேணாம். போட்டோ எடுத்த நேரம் ஃபைலுக்குள்ளயே எக்ஸிஃப்னு பதிவாகியிருக்கும், எக்ஸிஃப்டூல்னு ஃப்ரீ சாஃப்ட்வேர், அதைப் படிச்சு மொத்தமா பேர் மாத்திடும். கமாண்ட் அடிக்கப் பிடிக்காதவங்களுக்கு போட்டோ பாக்கற சாஃப்ட்வேர் இர்ஃபான்வியூல மொத்தமா பேர் மாத்த பேட்ச் ரீநேம் இருக்கு. எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு பண்ணுங்க.

ஆனா கேமரா கடிகாரத்தை அப்படியே நம்பிடாதீங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மாமா சிங்கப்பூர்லருந்து கேமராவோட வந்தாரு, டைம் மாத்தல, அங்க நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. எல்லார் போட்டோவையும் சேர்த்து அடுக்கினா ஜனங்க பந்தில பாயசம் குடிச்சுட்டு இருக்காங்க, அதுக்கப்புறம் மாப்பிள்ளை தாலி கட்றாரு! எக்ஸிஃப்டூல்லயே அவரோட போட்டோவுக்கு மட்டும் ரெண்டரை மணி நேரம் குறைச்சதும் சரியாச்சு.

வாட்ஸ்அப்ல வர்ற போட்டோதான் பெரிய தலைவலி. எக்ஸிஃப் எல்லாம் போயிடும், பேர்ல இருக்கற தேதி நமக்கு வந்த தேதி, எடுத்த தேதி இல்ல. பெரியப்பா 2012ல எடுத்ததை 2021ல அனுப்பினா 2021ன்னுதான் நிக்கும். முக்கியமான போட்டோன்னா டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, ஃபைல் இருக்கறபடியே வரும்.

ஆல்பத்துலருந்து ஸ்கேன் பண்ணதுல ஸ்கேன் பண்ண தேதிதான் இருக்கும். அதுக்கு நான் 1987-00-00னு போட்டுடுவேன், மாசம் தெரியலன்னா பூஜ்யம், வரிசைல அந்த வருஷத்து மத்த போட்டோவுக்கெல்லாம் முன்னாடி போய் நின்னுக்கும். பின்பக்கம் பேனாவால எழுதியிருக்கான்னு திருப்பிப் பாத்துட்டு ஸ்கேன் பண்ணுங்க, எங்க தாத்தா பல போட்டோல ஊர், தேதி, ஸ்டுடியோவுக்குக் குடுத்த காசு வரைக்கும் எழுதி வச்சிருந்தாரு.