கிடைக்காததைத் தேடக் கோடிகளா?

கேள்வி: பூமிக்கு அடியில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் உட்கார்ந்து கரும்பொருளைத் தேடுகிறார்களாம். இத்தனை வருடமாகியும் ஒரு துகள்கூட அகப்படவில்லை. அந்தக் கோடிகளில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம்! கடைசிவரை ஒன்றும் கிடைக்காவிட்டால் யார் பதில் சொல்வது?
- ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: முதலில் பள்ளிக்கூடக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து, எல்லா ஆராய்ச்சிக்கும் 2020-21-இல் ஆன செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். நூறு ரூபாயில் 64 காசு. மருந்து, விதை, ராக்கெட் எல்லாம் அதற்குள்தான். கரும்பொருளை, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருளை, தேடும் நம் ஆட்கள் ஜார்க்கண்டில், ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்துக்குள், 555 மீட்டர் ஆழத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லையென்றால் அந்த ஓடுகள் ஜாதுகுடாவுக்குப் போய்விடவில்லை. கவுன்சிலரைக் கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் ஒன்றரை கிலோமீட்டர் ஆழம் அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் இருக்கிறது. பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். அங்கே 10 டன் செனான் வாயுவைத் திரவமாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கரும்பொருள் துகள் ஒன்று செனான் அணுவில் மோதினால் மினுக்கென்று ஒரு ஒளி வரும் என்பது எதிர்பார்ப்பு. செனான் விலை கூடிய சரக்குதான், ஆனால் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. சோதனை முடிந்ததும் விற்றுவிடலாம், கழற்றி வைத்த நகை மாதிரி.

இது வேலையற்றவர்களின் ஆசை இல்லை. சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது. கடைசியில் இருக்கும் நெப்டியூன் 5.4 தான். தள்ளிப் போகப் போக வேகம் குறைய வேண்டும். 1970-இல் விண்ணியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலத்தை அளந்து பார்த்தால், ஓரத்தில் இருப்பவையும் வேகம் குறையாமல் ஓடின. கண்ணுக்குத் தெரியாத பாரம் ஏதோ பிடித்து வைக்காவிட்டால் அவை எப்போதோ சிதறிப் போயிருக்கும். அந்தப் பாரத்துக்குத்தான் கரும்பொருள் என்று பேர். அது என்ன என்பதுதான் கேள்வி.

அதே சுரங்கத்தில் இன்னொரு கதை உண்டு. ரே டேவிஸ் என்பவர் 1960-களில் அங்கே டிரை கிளீனிங் திரவம் 600 டன்னை ஒரு தொட்டியில் நிரப்பி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை எண்ண உட்கார்ந்தார். வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. ஆள் எண்ணுவதில் கோட்டை விட்டுவிட்டார் என்று பலர் நினைத்தார்கள். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். 30 வருடத்தில் சுமார் 2,000. கடைசியில் பார்த்தால் கணக்கு சரி. நியூட்ரினோக்கள்தான் வழியில் வேறு வகையாக மாறி அவர் தொட்டிக்குத் தப்பியிருந்தன. 2002-இல் நோபல் பரிசு வாங்கும்போது அவருக்கு வயது 88. செனான் தொட்டி இப்போது இருப்பது அவர் பேரில் உள்ள குகையில்தான்.

இதிலிருந்து புது செல்போன் வரும், ஸ்கேன் மெஷின் வரும் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். வரலாம், வராமலும் போகலாம்.

அதற்காக விஞ்ஞானி நீட்டிய பில்லையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கட்டச் சொல்லவில்லை. ஜெனிவாவில் செர்ன் என்ற துகள் ஆராய்ச்சி நிறுவனம், துகள்களை மோதவிட்டுப் பார்க்க, 91 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய மோதுகருவி கட்டத் திட்டம் வைத்திருக்கிறது. முதல் கட்டத்துக்கே சுமார் 1,500 கோடி சுவிஸ் பிராங்க். இருக்கிற 27 கிலோமீட்டர் கருவி ஹிக்ஸ் துகளுக்குப் பிறகு புதிதாக ஒரு அடிப்படைத் துகளையும் காட்டாதபோது இது எதற்கு என்று அங்கே கேளுங்கள். நானும் கூட நின்று கேட்கிறேன்.

அப்புறம், யார் பதில் சொல்வது என்றீர்களே. சொல்லிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அந்த தெற்கு டக்கோட்டா சுரங்கக்காரர்கள் 280 நாள் தரவை அலசிப் பார்த்து, 'கிடைக்கவில்லை' என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். மக்கள் பணத்தைச் செலவழித்துவிட்டு, யாரும் வற்புறுத்தாமல் இப்படி வாய்விட்டுச் சொன்ன வேறு துறை உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.