முதல் நாவல் பதிப்பாளர் மேசைக்குப் போகும்போது: கேள்வி பதில்

முதல் நாவலை முடித்துவிட்டுக் காத்திருப்பவர்களின் கேள்விகளுக்கு, தமிழ்ப் புனைவு நூல்களைச் செம்மையாக்கும் உறுப்பினர் தரும் பதில்கள்.

கரிசல்காட்டான்: அக்டோபரில் நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். தை பிறந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாவல் தேறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நீங்கள் அனுப்பிய மாதம்தான் தவறு. தமிழ்ப் பதிப்பின் ஆண்டே சென்னைப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் சுழல்கிறது. பொங்கலை ஒட்டி, தென்னிந்தியப் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி அதை நடத்துகிறது. செப்டம்பர் தொடங்கி டிசம்பர் கடைசி வரை பதிப்பாளர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நூல்களின் மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்), அட்டை, அச்சகம் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். புது ஆளின் பிரதியைத் திறந்து பார்க்க அப்போது நேரம் இருக்காது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை அனுப்புங்கள். மூன்று மாதம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பதிப்பகத்துக்கு நகருங்கள். ஒரே சமயத்தில் பல இடங்களுக்கு அனுப்பினால் அதை மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் மெய்ப்பு வரை போனபிறகு ஒருவரிடம் கைவிரித்தால், அந்தக் கதவு அடுத்த நாவலுக்கும் திறக்காது.

மழைக்காகிதம்: முழு நாவலையும் பிடிஎஃப்பாக அனுப்பலாமா?

கூடாது. மூன்று போதும்: முடிவையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், ஐந்து வரியில் உங்களைப் பற்றி. அத்தியாயங்கள் யூனிகோடில், வேர்ட் கோப்பாக இருக்கட்டும். "முடிவைச் சொன்னால் சுவாரஸ்யம் போய்விடுமே" என்று பலர் மறைக்கிறார்கள். பதிப்பாளருக்குத் தேவை சுவாரஸ்யம் அல்ல, நீங்கள் கதையை முடிக்கத் தெரிந்தவரா என்பதுதான். மொத்தச் சொற்களையும் குறிப்பிடுங்கள். நாவல்களுக்கு வழக்கமான டெம்மி அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 240 சொல் பிடிக்கும். 50,000 சொல் என்றால் ஏறக்குறைய 208 பக்கம், அதாவது 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி) 13. செலவுக் கணக்கை அதிலிருந்துதான் போடுவார்கள்.

விசைப்பலகை: பாமினியில் அடித்த பழைய பிரதி. மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். போதுமா?

போதாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. அதனால் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் சில மேற்கோள் குறிகளும் மாற்றத்தில் கண்டபடி தமிழ் எழுத்தாகிவிடும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: 'கௌரி' என்பதற்குப் பதில் ளகரம் போட்ட 'கெளரி', துணைக்காலுக்குப் பதில் ரகரம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது, வரி உடையும்போது இரண்டாகப் பிரியும். 'கெள', 'மெள', 'பெள' மூன்றையும் தேடிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். மொத்தமாக மாற்றினால் 'மெள்ள' போன்ற சொற்கள் கெட்டுப்போகும்.

பெயர் வேண்டாம்: பதினோரு இடத்தில் ஆகவில்லை. திருத்தவா, மூட்டை கட்டவா?

பதினொன்றையும் ஒரே குவியலாகப் பார்க்காதீர்கள். பதில் வராதது, "எங்கள் பட்டியலுக்குப் பொருந்தாது" என்றது, காரணம் சொன்னது எனப் பிரியுங்கள். முதல் இரண்டிலும் உங்கள் எழுத்தைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பட்டியல் நிறைந்திருக்கலாம், கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். காரணம் சொன்னவற்றில் இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டியிருந்தால் அங்கே கை வையுங்கள். அவர்கள் சொன்ன தீர்வு தவறாக இருக்கலாம், இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

முதல் நாவல்கள் அதிகம் விழுவது தொடக்கத்தில். ஊர் வரலாறு, குலதெய்வம், தாத்தாவின் நிலத்தகராறு என்று நாற்பது பக்கம் போனபிறகுதான் கதை வாசல்படி ஏறுகிறது. அந்த நாற்பதைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை நாவல் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ, அந்த இடங்களுக்குத் தேவையானதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு தாள் தயார் செய்யுங்கள். ஒன்றில் வட்டாரச் சொற்களின் எழுத்து வடிவம்: 'வந்துட்டு'வா 'வந்திட்டு'வா என்று ஒரு பாத்திரத்துக்கு ஒன்றுதான். இன்னொன்றில் கதையின் மாதம், திதி, ஒவ்வொருவரின் வயது. தீபாவளி முன்னிரவில் நிலா காயும் நாவல்கள் நிஜமாகவே வருகின்றன. அமாவாசையை ஒட்டி வரும் பண்டிகை அது. நிலாதான் வேண்டுமென்றால் காட்சியைக் கார்த்திகை தீபத்துக்கு நகர்த்துங்கள்.

திருத்திய பிரதி உலவுகிற காலத்தில் சிறுகதை எழுதி இதழ்களுக்கு அனுப்புங்கள். காலச்சுவடு, உயிர்மை போல இதழும் பதிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடங்களில், இதழில் படித்த பெயர் பதிப்பு மேசையிலும் நினைவுக்கு வரும். இரண்டாம் நாவலையும் தொடங்கிவிடுங்கள். முதலாவதை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

தறிச்சத்தம்: பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

300 படி அச்சிட்டு, அதில் 50 படியைக் கழிவு விலையில் நீங்கள் வாங்கிக்கொள்வது ஒரு ரகம். எத்தனை படி, எங்கெங்கே விற்பனை என்று எழுத்தில் தந்தால் யோசிக்கலாம். மொத்தச் செலவையும் உங்கள் தலையில் கட்டிவிட்டு உரிமையையும் எடுத்துக்கொள்வது இன்னொரு ரகம். அதற்கு நீங்களே அச்சிட்டுக்கொள்ளலாம். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனியே ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது, சொந்தமாக வெளியிடும் எழுத்தாளருக்கும்தான்.

ஒப்பந்தத்தில் காலம், நிலப்பரப்பு (உரிமை எந்தெந்த நாட்டுக்கு என்பது), உரிமைத்தொகை (ராயல்டி) மூன்றும் எழுத்தில் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை அது காலாவதியாகும். "எல்லா உரிமைகளும்" என்ற வரியை அடித்துவிட்டு அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எனத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சினிமாவை முதல் நாவலோடு சேர்த்துக் கொடுக்க ஒரு காரணமும் கிடையாது.

தறிச்சத்தம்: பதிப்புரிமையைப் பதிவு செய்தபின்தான் அனுப்ப வேண்டுமா?

இல்லை. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு என்பது வழக்கு வந்தால் உதவும் சான்று.

ஆற்றுமணல்: எவ்வளவு வரும்?

பரவலான வழக்கம், அட்டை விலையில் பத்து சதவீதம். ₹250 விலையுள்ள நூல் 300 படி விற்றால் ₹7,500. வேலையை விடும் திட்டம் இருந்தால் ஒத்திப்போடுங்கள். தொகையைவிட, ஆண்டுக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கு தருவார்களா என்பதை முன்பே கேளுங்கள். அந்தப் பதிப்பகத்தில் ஏற்கெனவே நூல் வந்த இருவரிடம் விசாரித்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மழைக்காகிதம்: காத்திருக்கும் நேரத்தில் கிண்டிலில் போட்டு வைக்கலாமா?

போடலாம், ஆனால் பதிப்பாளரிடம் மறைக்காதீர்கள். கேடிபி செலக்ட் என்ற அமேசானின் தனியுரிமைத் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் தர முடியாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் குறியை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.