சாம்பல் கிளி தன் இறகைப் பிடுங்கினால் துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?

உங்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மார்பு இறகுகளைப் பிடுங்கிக்கொள்வதாகவும், தனிமை தீர இன்னொரு கிளி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வாங்க வேண்டாம். தலை இறகுகள் குறையாமல், அலகு எட்டும் இடங்கள் மட்டும் வெறுமையாகியிருந்தால் அது தானே பிடுங்கிக்கொள்கிறது என்று கொள்ளலாம். ஆனால் காரணத்தைப் பறவை மருத்துவம் அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

நானும் தனிமைதான் என்று முடிவுகட்டி, என் கிளிக்கு நான்கு வயதானபோது இரண்டாவதாக ஒன்றை வாங்கி வந்தேன். பிடுங்குவது இன்னும் அதிகமாயிற்று. சில வாரங்களுக்குப் பின் ஒரு மாலை, அமர்ந்திருந்த குச்சியிலிருந்து விழுந்து, சிறகுகள் விறைக்க, என் கண்ணெதிரே முதல் கிளிக்கு வலிப்பு வந்தது. இரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்திருந்தது. இந்த இனத்தில் இது அடிக்கடி காணப்படும் குறை என்பதை அன்றுதான் அறிந்தேன். சூரியகாந்தி விதையே போதும் என்று விற்றவர் சொன்னதை நம்பி அதையே கொடுத்துவந்தேன். அதிலோ கொழுப்பு மிகுதி, கால்சியமும் வைட்டமின் ஏ சத்தும் குறைவு. உண்ட கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும், அது உடலில் உண்டாகப் புற ஊதாக் கதிர் வேண்டும்; மூடிய ஜன்னலின் கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதை அறியாமல், கூண்டின் மேல் வெயில் படுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். உணவை மாற்றி, நேரடி வெயிலும் இரவில் பத்து மணி நேர இருட்டும் கிடைக்கச் செய்த பிறகு, ஏறக்குறைய ஓராண்டில் இறகுகள் வளர்ந்தன. மார்பின் நடுவில் ஓரிடம் மட்டும் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

தனிமை காரணமாகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காட்டில் கூட்டமாக இரவு தங்கும் பறவை அது. பறவைகளின் அறிவை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ஐரீன் பெப்பர்பெர்க் பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறத்தையும் வடிவத்தையும் பெயரிட்டுச் சொன்னது, ஆறு வரை எண்ணியது. அத்தகைய அறிவுள்ள உயிரைப் பார்க்க வருபவர்கள், என் கிளிக்கு உடம்பெல்லாம் புண்ணாயிருந்த நாட்களில்கூட, “பேசுமா?” என்று மட்டுமே கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. பேச்சுக்காகவே காடுகளிலிருந்து இவற்றை அளவின்றிப் பிடித்ததால்தான், 2016ஆம் ஆண்டு அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகள் இந்த இனத்தை முதல் பட்டியலில் சேர்த்து, காட்டில் பிடித்தவற்றின் வணிக ஏற்றுமதியைத் தடுத்தன.

மருத்துவரிடம் செல்லும்போது, ஒரு வாரம் அது உண்மையில் தின்றதையும் உறங்கிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, பிடுங்கிப்போட்ட இறகுகள் சிலவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.