உதகையில் நீர்ச்செடிகள் வளரும் மீன்தொட்டிக்குக் கரியமில வாயுவைப் பாதுகாப்பாகக் கூட்டுவது எப்படி?

கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர், செடிகள் செழிக்கத் தன் மீன்தொட்டியில் நொடிக்கு இரண்டு குமிழி என்ற கணக்கில் வாயு விடுகிறார் என்றும், அதே அளவுத் தொட்டியில் அதே செடிகளை வைத்து உதகையில் நீங்களும் அப்படியே விட்டபோது, மாலைக்குள் நியான் டெட்ரா மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் குன்னூரில் சில ஆண்டுகளாகச் செடித் தொட்டி வைத்திருப்பவன். இதே தவறைச் செய்து, இதே காட்சியைப் பார்த்தவன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், மீன்கள் இப்போதும் மேலேயே நின்றால், இதைப் படித்து முடிப்பதற்கு முன் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, ஏர் பம்பை ஓடவிட்டு வாருங்கள்.

நண்பரின் கணக்கு உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு, குமிழி என்பது அளவே அல்ல என்பது முதல் காரணம். குமிழிகளை எண்ணிப் பார்க்க வாயுக் குழாயில் மாட்டும் பபிள் கவுண்டர் ஒன்றின் குமிழி இன்னொன்றின் குமிழியைவிடப் பெரிதாக இருக்கும். கரண்டியின் அளவைச் சொல்லாமல் இரண்டு கரண்டி எண்ணெய் என்று மட்டும் சொல்வதைப் போன்றது இது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் ஒரே அளவுள்ள குமிழிக்குள் இங்கே அடங்கும் வாயு, கோவையில் அடங்குவதைவிடக் குறைவு. குமிழிக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் மீன்களுக்கு நண்பரின் மீன்களைவிடக் குறைந்த சிரமமே இருக்க வேண்டும். அப்படியிருந்தும் அவை மூச்சுக்குத் தவிக்கின்றன என்றால், கரியமில வாயுவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஆக்சிஜனையும் பார்க்க வேண்டும்.

26 டிகிரி செல்சியஸில் கடல்மட்டத்தில் உள்ள நன்னீர், லிட்டருக்குச் சுமார் 8.1 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். அதே வெப்பநிலையில் உதகையில் ஏறக்குறைய 6.2 மில்லிகிராம்தான் ஏற்கும். மலைக் குளிர் நமக்குச் சாதகம்தான், ஏனென்றால் குளிர்ந்த நீர் கூடுதல் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும். ஆனால் நாமே ஹீட்டர் போட்டு, சமவெளித் தொட்டியின் வெப்பநிலைக்கு அதைக் கொண்டுவந்து, கையிலிருந்த சாதகத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். மீன் தன் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவைச் செவுள் வழியே தண்ணீருக்குள் விட்டாக வேண்டும். தண்ணீரிலேயே அந்த வாயு மிகுந்திருந்தால் வெளியேற்றம் தடைப்படுகிறது. இரத்தம் அமிலத்தன்மை அடைந்து, ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் திறனை இழக்கிறது. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த நீரில் இதுவும் சேரும்போது, சமவெளி மீன் தாங்கிக்கொள்ளும் அளவை மலைத் தொட்டி மீன் தாங்குவதில்லை.

ஆகவே என் முறையில் வாயுவைத் தொடுவது கடைசி வேலை. முதல் வேலை நீர்மட்டத்தை அசையவிடுவது. ஃபில்டரின் வெளியீட்டுக் குழாயைச் சற்றே மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு முழுவதும் சிற்றலை ஓடும்படி வையுங்கள். அலை இருந்தால் வாயு வீணாகிவிடும் என்று பலர் பயந்து, தண்ணீரைக் கண்ணாடி போல அசையாமல் வைக்கிறார்கள். வாயு கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். அதைப் பிறகு குமிழியைச் சற்றே கூட்டி ஈடுகட்டலாம். தண்ணீரில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் ஒன்றையொன்று வெளியே தள்ளுவதில்லை. ஒரே நீரில் இரண்டும் நிறைந்திருக்க முடியும். இரண்டாவது வேலையாக ஹீட்டரை 23 டிகிரிக்கு இறக்குங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. நியான் டெட்ராக்களுக்கு இது போதும். இனி வாங்கும்போது, 20 டிகிரியிலும் சுகமாக வாழும் ஒயிட் கிளவுட் மீன்களை வாங்கினால் உதகைக்கு இன்னும் பொருத்தம். ஓடும் நீரோடைகளில் வளரும் மிஸ் கேரளா மீனைப் பார்த்து ஆசைப்பட்டாலும், வாயு ஏற்றும் தொட்டியில் விட வேண்டாம். அதற்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும்.

அடுத்தது அளப்பது. எங்கள் குழாய்த் தண்ணீரை நான் சோதித்தபோது கார்பனேட் கடினத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் உப்புகளின் அளவான கேஎச், 1 டிகிரிதான் இருந்தது. உங்களுக்குப் பார்சன்ஸ் வேலி அணையின் நீர் வருகிறதென்றாலும், மழைநீரைச் சேமித்த தொட்டி என்றாலும், ஒருமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள். கேஎச்சை 3-ஆல் பெருக்கி, அதைப் பத்தின் அடுக்கு (7 கழித்தல் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் எண்) என்பதால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரியமில வாயு என்பது கிடைக்கும். கேஎச் 4 உள்ள நீரில் 30 மில்லிகிராம் என்பது பிஎச் 6.6-இல் வரும்; கேஎச் 1 உள்ள நம் நீரில் அதே 30 மில்லிகிராமுக்கு பிஎச் 6.0 வரை இறங்கிவிடும். இதைப் பார்த்துப் பதறி, சமையல் சோடாவை அள்ளிப் போடுபவர்கள் உண்டு. சோடா பிஎச்சை ஏற்றிக் காட்டுமே தவிர, தண்ணீரில் இருக்கும் வாயுவில் ஒரு துளியையும் வெளியேற்றாது. எண் நன்றாகத் தெரியும், மீன் அப்படியே தவித்துக்கொண்டிருக்கும். மேலும், மரக்கட்டையும் செடிமண்ணும் விடும் அமிலங்கள் இந்தக் கணக்கைக் குழப்பி, இல்லாத வாயுவை இருப்பதாகக் காட்டும்.

அதனால் நான் நம்புவது, வாயுவின் அளவை நிறத்தால் காட்டும்படி தொட்டிக்குள் மாட்டும் சிறு கண்ணாடிக் குடுவையான டிராப் செக்கரை. அதற்குள் தொட்டி நீரை ஊற்றாமல், கேஎச் 4 டிகிரி என்று தயாரித்து விற்கும் கரைசலையே ஊற்றி, பிஎச்சுக்கேற்ப நிறம் மாறும் புரோமோதைமால் புளூ சொட்டுகளை விட வேண்டும். நீலம் என்றால் வாயு குறைவு, இலைப்பச்சை என்றால் ஏறத்தாழ 30 மில்லிகிராம், மஞ்சள் என்றால் மிகுதி. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும்; இப்போது தெரியும் பச்சை, சற்றுமுன் இருந்த நிலையைத்தான் சொல்கிறது. துணைக்கு பிஎச் அளவும் எடுக்கலாம். ஒரு டம்ளர் தொட்டி நீரை இரவு முழுவதும் திறந்து வைத்து அளந்தது ஓர் எண், விளக்கு அணைவதற்கு முன் தொட்டியில் அளப்பது இன்னோர் எண். பிஎச் ஓர் அலகு இறங்கினால் வாயு பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். ஓர் அலகு இறங்கினால் 30 மில்லிகிராம் என்று பலரும் சொல்வது, ஆரம்பத்தில் தண்ணீரில் 3 மில்லிகிராம் இருந்தால் மட்டுமே சரி. அந்த ஆரம்ப அளவு, குளிருக்குச் சன்னல்களை அடைத்து வைத்த வீட்டில் ஒரு எண், திறந்த வீட்டில் வேறு எண். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டும் இந்த பிஎச் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

இனிதான் வாயு. நீங்கள் நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு நொடிக்கு ஒரு குமிழி என்று தொடங்குங்கள். விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வாயு திறக்கவும், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக மூடவும் வேண்டும். இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத்தான் விடும். வாயு மூடுவதற்குச் சற்று முன்புதான் தொட்டியில் அது உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்து மீன்களின் செவுள் அசைவைப் பாருங்கள். இறால்கள் இருந்தால் அவை இன்னும் முன்னதாகவே சொல்லிவிடும்: மேய்வதை நிறுத்திவிட்டு, குழாயைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். எந்தக் கலக்கமும் இல்லையென்றால் மூன்று நாள் அப்படியே விட்டு, பிறகு வாயு ஓட்டத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வை மயிரிழை அளவு திருப்புங்கள். மலையில் செக்கர் நீலப்பச்சையாக இருக்கும் இடத்திலேயே நான் நிறுத்திவிடுகிறேன். குளிர்ந்த நீரில் செடி நிதானமாகத்தான் வளரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன் போன்ற செடிகளுக்கு அதுவே தாராளம். பாசி பிடிக்கிறதென்றால், வாயுவைக் கூட்டுவதைவிட விளக்கைக் குறைப்பது நல்லது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழையில் எங்கோ மரம் விழுந்து, பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை மின்சாரம் இல்லை. விளக்குக்குப் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரும், வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வான சோலனாய்டுக்குப் பல்சக்கரம் சுற்றும் பழைய டைமரும் வைத்திருந்தேன். மின்சாரம் இல்லாதபோது சோலனாய்டு தானாக மூடிக்கொண்டது, அதில் குறையில்லை. ஆனால் சக்கரமும் நான்கு மணி நேரம் நின்றுவிட்டதால், இரவு எட்டு மணிக்கு மூட வேண்டிய வாயு நள்ளிரவு வரை ஓடும் நிலை. விளக்கோ ஒன்பதுக்குச் சரியாக அணைந்துவிட்டது. பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, டெட்ராக்கள் எல்லாம் நிறம் வெளுத்து, தலையை மேலே தூக்கியபடி நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. குழாய் நீர் பனிக்கட்டியாய் இருந்ததால் தண்ணீர் மாற்றத் துணிவில்லை. வாயுவை மூடிவிட்டு, ஒரு செம்பை எடுத்து, தொட்டி நீரையே மொண்டு காபி ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கின. இரண்டு இறால்கள் பிழைக்கவில்லை. மறுநாளே வாயுவுக்கும் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரையே மாட்டினேன்.

சிலிண்டருக்குப் பதில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த பாட்டிலை யோசித்திருந்தால், உதகையில் வேண்டாம் என்பேன். சனவரி இரவுக் குளிரில் ஈஸ்ட் அடங்கிவிடும், பகல் வெயிலில் திடீரென்று பொங்கும், மூடுவதற்கும் வழியில்லை. இரவில் பாட்டிலுக்குள் காற்று சுருங்கும்போது, ஒரு திசையில் மட்டும் ஓடவிடும் செக் வால்வு இல்லையென்றால் தொட்டி நீர் குழாய் வழியே பாட்டிலுக்குள் இழுக்கப்படும்.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, சாயாதபடி கட்டி வையுங்கள்; படுத்தால் உள்ளே திரவமாக இருக்கும் வாயு, அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்குள் போய்விடும். உள்ளே திரவம் இருக்கும் வரை அழுத்தமானியின் முள் இறங்காது, குளிருக்கு மட்டும் சற்றே தாழும். ஆகவே மீதத்தை அறிய எடைதான் பார்க்க வேண்டும். திரவம் தீர்ந்து உள்ளழுத்தம் விழும்போது, அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டர்களில் வெளியழுத்தம் ஏறி, வாயு அளவுக்கு மீறி ஓடிவிடுவது உண்டு. எனவே முழுதும் தீரும் முன்பே நிரப்பக் கொடுத்துவிடுங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், குளிருக்கு அடைத்து வைக்கும் படுக்கையறையில் சிலிண்டர் வேண்டாம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பதை ஒவ்வொரு முறை நிரப்பி மாட்டும்போதும் செய்யுங்கள்.