மார்க்கத்துக்குத் தனிப் பாடவேளை வேண்டுமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும், அக்கா. எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 10 வயது, மகளுக்கு 7, கடைக்குட்டிக்கு 4. போன வருஷம் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். காலையில் ஒன்றரை மணி நேரம் குர்ஆன் ஓதலும் மார்க்கப் பாடமும், அப்புறம் கணக்கு, அறிவியல் என்று அட்டவணை போட்டிருக்கிறேன். ஆனால் மார்க்கமும் இன்னொரு பாடப்புத்தகமாகிவிட்டது. எப்போது முடியும் என்று பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எங்களைப் போன்ற 6 குடும்பங்கள் வாரம் ஒருநாள் கூடுகிறோம். பாடம் நடத்தத்தான் கூடுவோம். பிள்ளைகள் ஓடி விளையாட, தாய்மார்கள் பேசிக்கொண்டிருக்க, பொழுது போய்விடும். போன வாரம் மூத்தவன், “எனக்கு ஃப்ரெண்டே இல்லைம்மா” என்றான். பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் என் நாத்தனார், பிள்ளைகளைக் கெடுக்கிறாய் என்கிறார். நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: வ அலைக்கும் ஸலாம், தங்கச்சி. உங்கள் கடிதத்தில் மகன் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதையெல்லாம் ஆற அமரச் சரிசெய்யலாம். இதை இந்த வாரமே கவனியுங்கள்.

பள்ளியில் நட்பு வளர்வது அதே முகத்தைத் தினமும் பார்ப்பதால். அந்தத் தினசரிப் பழக்கம் அறுந்துபோனதுதான் உங்கள் பையனுக்கு வலிக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் ஒரு பெரிய கூட்டத்தைப் பார்ப்பதால் அது ஆறாது. குழுவில் அவன் வயதை ஒட்டிய பையன் ஒருவன் இருந்தால், அந்தக் குடும்பத்தோடு பேசி வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் இருவரையும் சேர்ந்து இருக்க விடுங்கள். பாடம், திட்டம் எதுவும் வேண்டாம். பழைய பள்ளித் தோழன் யாரையாவது அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பக்கத்தில் நல்ல விளையாட்டுக் குழு இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

அங்கே நம் மார்க்கத்துப் பிள்ளைகள் யாரும் இல்லையே என்று தயங்குவீர்கள், தெரியும். மக்காவின் குறைஷிகளோடு நடந்த பத்ருப் போருக்குப் பின் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மீட்புத் தொகை கொடுக்க வழியில்லாத, எழுதத் தெரிந்த கைதிகள் மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட்டு விடுதலை ஆகலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்று அவர்களின் வரலாறான சீராவில் படிக்கிறோம். கி.பி. 624-ல், முந்தைய நாள் வரை வாளோடு எதிரே நின்றவர்களிடம் மதீனாவின் பிள்ளைகள் எழுதப் படித்தார்கள். உங்கள் மகன் ஒரு நீச்சல் பயிற்சியாளரிடம் நீந்தப் படிக்கலாம்.

சரி, இப்போது மார்க்கப் பாடம். ஓதலுக்கு மட்டும் நேரம் குறித்து வைத்திருப்பது சரிதான். தஜ்வீத், அதாவது குர்ஆனைச் சரியாக உச்சரித்து ஓதும் முறை, நாக்கும் காதும் பழக வேண்டிய விஷயம். தினமும் கொஞ்சம், அதுவும் தவறைத் திருத்தக்கூடிய ஒருவர் முன்னால் உட்கார்ந்து செய்தால்தான் வரும். 10 வயதுக்கு அரை மணி நேரம், 7 வயதுக்கு அதில் பாதி போதும். நான்கு வயதுக் குழந்தைக்கு அட்டவணையே வேண்டாம். நீங்கள் ஓதுவது அதன் காதில் விழட்டும். மீதியிருக்கும் அந்த ஒரு மணி நேர ‘மார்க்கப் பாடம்’ இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பயப்படாதீர்கள். உங்கள் வீட்டில் ஐந்து வேளை தொழுகை நடக்கிறது, நோன்பு வருகிறது, ஜகாத் என்ற கட்டாய தர்மம் கொடுக்கிறீர்கள். இதற்குள்ளேயே எவ்வளவு படிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

கிப்லாவை, அதாவது தொழும்போது நாம் முகம் நோக்கும் மக்காவின் கஅபா இருக்கும் திசையை, எடுத்துக்கொள்வோம். மே 27, 28 தேதிகளை ஒட்டியும், ஜூலை 15, 16 தேதிகளை ஒட்டியும், வருஷத்துக்கு இரண்டு தடவை சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் வருகிறது. மக்கா நேரப்படி மே மாதம் பகல் 12.18, ஜூலையில் 12.27. அந்த நிமிஷத்தில் உலகில் எங்கெல்லாம் வெயில் இருக்கிறதோ, அங்கெல்லாம் சூரியன் தெரிகிற திசைதான் கிப்லா. ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால் போதும். நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிக் கோடு போட்டால் அது மக்காவை நோக்கிப் போகும். நம் ஊர் நேரத்தில் அது எத்தனை மணி என்று பிள்ளைகளே கணக்கிட வேண்டும். அங்கேயே நேர மண்டலம் புரிந்துவிடும். ஏன் இரண்டே தடவை என்று கேட்பார்கள். சூரியன் வடக்கே கடக ரேகை வரை, அதாவது சுமார் 23.4 பாகை வரை போய்த் திரும்புகிறது; மக்கா இருப்பது சுமார் 21.4 பாகையில். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. உங்கள் இடத்தில் அப்போது இரவாக இருந்தால், உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துத் திசையைக் கண்டுபிடியுங்கள். தட்டையான வரைபடத்தில் போட்ட கோடும் நூல் காட்டும் பாதையும் ஒத்துவரவில்லையே என்று மகன் திகைப்பான். அந்தத் திகைப்பிலிருந்து ஒரு மாதப் பாடம் தானாக வரும். அல்பிரூனி போன்ற அந்தக்கால அறிஞர்கள் கோளக் கணிதத்தில் அத்தனை உழைத்ததற்கு இந்தக் கிப்லா கேள்வியும் ஒரு காரணம்.

பிறையும் இப்படித்தான். மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்துத் தினமும் நிலாவை வரையச் சொல்லுங்கள். சந்திர வருஷம் 354 அல்லது 355 நாள், அதனால் ரமளான் ஒவ்வொரு வருஷமும் 10, 11 நாள் முன்னால் வருகிறது, ஏறக்குறைய 33 வருஷத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது என்பதெல்லாம் அவளுக்கு மெதுவாகப் பிடிபடும்.

பின்னக் கணக்குக்கு வாரிசுப் பங்கை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டுப் போகிறார். வேறு வாரிசு இல்லை. கடன், மரண சாசனம் போக உள்ள சொத்தில் மனைவிக்கு 8-ல் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. எல்லாவற்றையும் 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. கூட்டினால் 24 வருகிறதா என்று மகன் பார்க்கட்டும். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலிலும் ஒரு பெரும் பகுதி இந்த மாதிரி வாரிசுக் கணக்குகள்தான்.

அப்போது உங்கள் மகள், “அண்ணனுக்கு மட்டும் ஏன் இரண்டு?” என்று நிச்சயம் கேட்பாள். தயவுசெய்து அந்தக் கேள்வியை அமுக்கிவிடாதீர்கள். குடும்பத்தைப் பராமரிக்கும் செலவு ஆண்மேல் கடமை, பெண்ணின் பணம் அவளுக்கே உரியது என்று அறிஞர்கள் சொல்லும் விளக்கத்தைச் சொல்லுங்கள். அவள் அதற்குமேலும் கேட்டால், நன்றாகக் கற்ற ஒருவரிடம் அழைத்துப்போய் அவள் வாயாலேயே கேட்க வையுங்கள். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்குத் தாயும் டீச்சரும் ஒரே ஆள். அங்கே கேட்க முடியாததை அது வேறு எங்கே போய்க் கேட்கும்?

அடுத்து உங்கள் கூட்டம். பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்களே என்று வருந்தாதீர்கள், அது நன்றாகவே நடக்கிறது. நடக்காமல் இருப்பது பாடம். அதை அங்கே நடத்தவே வேண்டாம். ஒரு வீட்டில் தனியாகச் செய்ய முடியாததைச் செய்யத்தான் கூட்டம். ஜமாஅத்தாக, அதாவது கூட்டாக, ஒரு வேளைத் தொழுகை, பையன்கள் முறைவைத்துப் பாங்கு சொல்வது, பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குத் தொழுகைக்கு முன் ஒளு (கை, முகம், கால் கழுவுதல்) செய்யக் காட்டிக்கொடுப்பது, இதெல்லாம் கூடினால்தான் முடியும். அப்புறம் ஒரே ஒரு பெரிய வேலையை எடுத்து, சில வாரங்களுக்கு அதையே செய்யுங்கள். பயணி இப்னு பதூதா 1325-ல் மொராக்கோவின் தஞ்சீரிலிருந்து ஹஜ்ஜுக்கென்று கிளம்பியபோது அவருக்கு 21 வயது. மாலி முதல் சீனா வரை நீளும் அவருடைய பயணத்தைத் தரையில் பெரிய வரைபடமாக விரித்து, ஆளுக்கு ஒரு ஊரை எடுத்துக்கொண்டு அங்கே என்ன பேசினார்கள், என்ன உடுத்தினார்கள், பள்ளிவாசலை எதனால் கட்டினார்கள் என்று தேடிச் சொல்லட்டும். மண்ணால் கட்டிய பள்ளிவாசலும் மரத்தால் கட்டிய பள்ளிவாசலும் உண்டு, எல்லாவற்றிலும் தொழுகையில் ஓதுவது குர்ஆனின் முதல் அத்தியாயமான அதே ஃபாத்திஹாதான் என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுகொள்ளட்டும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இசை கூடுமா, உயிருள்ளவற்றை வரையலாமா, பிற்பகல் தொழுகையான அஸர் தொடங்க ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் ஒரு மடங்கா இரு மடங்கா என்பதில் 6 குடும்பத்துக்கும் ஒரே கருத்து இருக்காது. பல குழுக்கள் உடைவது இங்கேதான். “எங்கள் வீட்டில் இப்படி, அவர்கள் வீட்டில் அப்படி, இரண்டுக்கும் அறிஞர்கள் உண்டு” என்று பிள்ளைகள் முன்னால் எல்லாப் பெரியவர்களும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். கலைக்கு வடிவியல் கோலங்களை எடுத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. காம்பஸை விரித்த அளவு மாறாமல் வட்டத்தின் விளிம்பில் குறித்துக்கொண்டே போனால் சரியாக 6 புள்ளிகள் விழும். அந்த ஆறிலிருந்து நட்சத்திரம் பிறக்கும். ஸ்பெயினின் கிரனாடாவில் உள்ள அல்ஹம்ரா அரண்மனைச் சுவர்களின் படத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டால் 7 வயதுப் பிள்ளையும் எழுந்திருக்காது.

நாத்தனாரோடு வாதாட வேண்டாம். பிள்ளைகளின் மேல் அக்கறை இருப்பதால் கோபப்படுகிறார். கணக்கு டீச்சர் வேறு! ஜகாத் கணக்குக்கு அவரைக் கூப்பிடுங்கள். ஒரு கற்பனை வியாபாரியின் சரக்கு, கையிருப்பு, கடன் எல்லாம் எழுதி, ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிஸாபைத் தொடுகிறதா, வருஷம் நிறைந்ததா என்று பார்த்து, 40-ல் ஒரு பங்கை எடுக்க அவர் சொல்லித்தரட்டும். நிஸாபுக்குச் சிலர் 85 கிராம் தங்கம் என்பார்கள், சிலர் 87.48 என்பார்கள். பழைய எடைகளை மாற்றுவதில் வந்த வித்தியாசம் அது. அதையும் அவரே விளக்கினால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கடைசியாக, சட்டம். வீட்டுக்கல்வி விதி நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் ஏறக்குறைய அனுமதியே இல்லை. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் உண்டு, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் நிபந்தனை மாறும். நீங்கள் இருக்கும் இடத்தில் பதிவு வேண்டுமா, பின்னால் பொதுத் தேர்வை எப்படி எழுதுவது என்பதை உங்கள் கல்வித் துறையிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மகன் நட்ட குச்சியின் படம், மகளின் பிறை நோட்டு, பின்னக் கணக்குத் தாள் எல்லாவற்றிலும் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அதிகாரிகள் யாராவது கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.